பஸ் எந்த வளைவில் முந்தியது? ஏற்காட்டு ஏற்றமும் நெடுந்தூர டிரையத்லானும்

அஸ்தம்பட்டியிலிருந்து

சேலத்தில் டிரையத்லானுக்கு, அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் தொடர்ந்து முடிக்கும் போட்டிக்கு, தயாராகிறவர்கள் இப்போது கொஞ்சம் பேர் சேர்ந்துவிட்டோம். பயிற்சி அட்டவணை எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் வழியில் பார்த்த யாரோ ஒருவர் சொன்ன ஒரு பேச்சு, அட்டவணை மாற்றாததை மாற்றியிருக்கும். அப்படி ஒருவரைச் சந்தித்திருந்தால் எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

எனக்கு 43 வயது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை. கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 என்ற அரை தூர டிரையத்லானுக்குப் பதிவு செய்த வருடம், ஞாயிறு தவறாமல் ஏற்காடு ஏறினேன். போட்டியில் கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். கூட்டினால் 113 கிலோமீட்டர், மைல் கணக்கில் 70.3. கோவாவில் ஏற்காடு மாதிரி மலை இல்லைதான். ஆனாலும் காலையும் மூச்சையும் பழக்க நமக்கு அந்த மலையை விட்டால் வேறு எது இருக்கிறது? அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1000 மீட்டர் ஏற்றம்.

விடியும் முன்னே அடிவாரத்தில் கிளம்பிவிடுவேன். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பஸ் ஏறி வரும். எங்கேயாவது ஒரு வளைவில் என்னை முந்திப் போகும். நான் அதைக் கவனித்ததே இல்லை. கவனித்தது டிரைவர்.

ஒரு ஞாயிறு மேலே ஏரிப் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தேன். கை நடுங்கியதில் கிளாஸிலிருந்த டீ தளும்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர் காக்கிச் சட்டை. என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னைக்கும் ஒம்பதாவது வளைவுதான் சார். ஆறு வாரமா நீங்க ஒம்பதைத் தாண்டல."

கண்டக்டரும் அவரும் வாரா வாரம் கணக்கு வைத்திருக்கிறார்கள். எந்த வளைவில் என்னைப் பிடிக்கிறார்கள் என்று.

முதல் மூன்று வளைவும் நல்லாப் போகும், அப்புறம்தான் கால் நின்றுவிடுகிறது என்றேன். அவர் கேட்டார்: "முதல் மூணை ஏன் சார் அவ்வளவு நல்லா ஏறணும்? நான் வளைவு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டாவது கியருக்கு வந்துடுவேன். வண்டி கேக்கறதுக்கு முன்ன குறைக்கணும். திணறி நின்னப்புறம் குறைச்சா இன்ஜின் சூடாகும், மேல போகப் போக இழுவையே இருக்காது."

அன்று வீட்டுக்கு வந்து வாட்ச்சைப் பார்த்தேன். மூன்றாவது வளைவிலேயே இதயத் துடிப்பு 168. பன்னிரண்டாவதில் 150, ஆனால் வேகம் பாதி. உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை ஏறக்குறைய 400, 500 கிராம்தான். மூச்சிரைக்க மிதித்தால் அதுதான் முதலில் தீரும். கொழுப்பு நிறைய இருக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். அடிவாரத்தில் அவசரப்பட்டுச் செலவழித்ததை மேலே போய்த் திரும்பப் பெற முடியாது. இதை நான் படித்திருக்கிறேன். ஆறு வாரமாக ஒருவர் கண்ணாடி வழியாகப் பார்த்து வளைவு எண்ணோடு சொன்னபோதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு முதல் ஐந்து வளைவுக்கும் 140க்கு மேல் துடிப்பு போகக் கூடாது என்று முடிவெடுத்தேன். ரொம்பக் கஷ்டமான வேலை அது. காலில் பலம் இருக்கிறது, காற்று குளிர்ச்சியாக இருக்கிறது, காபித் தோட்டத்து வாசம் வருகிறது, கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் தாண்டிப் போகிறார்கள். அப்போதும் சின்ன கியரில் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பத்தாவது வளைவில் அந்தப் பையன்கள் பக்கச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் என்னைப் பிடித்தது பதின்மூன்றில். ஹாரன் இரண்டு முறை. கண்டக்டர் படியில் நின்று ஒரு கையில் ஒரு விரலும் இன்னொரு கையில் மூன்று விரலும் காட்டினார்.

கோவாவிலும் அதையேதான் செய்தேன். சைக்கிளில் முதல் 30 கிலோமீட்டரில் என்னைத் தாண்டியவர்களை எண்ணக்கூட இல்லை. ஓட்டத்தில் கடைசி 7 கிலோமீட்டரை முதல் 7 கிலோமீட்டரின் வேகத்திலேயே ஓடினேன், ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம். மொத்தம் 6 மணி 57 நிமிடம்.

இறக்கத்துக்கும் அவர் ஒன்று சொன்னார்: ஏறின கியரிலேயே இறங்கணும். சைக்கிளுக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனால் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வரக் கூடாது என்பது இரண்டுக்கும் பொது. சக்கர வளையத்தையே அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் நேர்ச் சாலையிலேயே அழுத்திக் குறைத்து, விட்டுவிட்டு, திரும்புங்கள்.

கண்ணங்குறிச்சியிலிருந்து

நான் பள்ளி ஆசிரியை. 38 வயதில்தான் நீச்சல் கற்றேன், அதுவும் அயோத்தியாப்பட்டணம் பக்கம் எங்கள் பெரியம்மா தோட்டத்துக் கிணற்றில். சனிக்கிழமை காலையில் நீச்சல் குளத்துக்குப் போனால் குழந்தைகள் வகுப்பு நடக்கும், நீளமாக நீந்த இடம் கிடைக்காது. கிணறு நமக்கே நமக்கு.

ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு 12 மீட்டர். 1.9 கிலோமீட்டர் ஆக 158 தடவைக்கும் கொஞ்சம் மேலே. எண்ணிக்கை தப்பிவிடும் என்பதால் பெரியம்மா படிக்கட்டில் உட்கார்ந்து, நான் ஒவ்வொரு பத்து முடிக்கும்போதும் ஒரு புளியங்கொட்டையை இடமிருந்து வலம் நகர்த்துவார். அவருக்கு நீச்சல் தெரியாது. காலைக்கூட நனைக்க மாட்டார்.

ஒரு நாள் துண்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: "முதல் ரெண்டு கொட்டைக்கு நீ போடுற சத்தம் பம்ப்செட் வரைக்கும் கேக்குது கண்ணு. மூணாவதுல இருந்துதான் சத்தமில்லாம போற. அந்த சத்தமில்லாததையே முதல்ல இருந்து செய்யேன்."

பயிற்சியாளர் ஒருவர் இதையே எனக்கு வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் மூச்சை முழுசாக விடு, காலால் அடிக்காதே, கையை நீட்டி வழுக்கிப் போ. பெரியம்மா காதால் கேட்டுக் கண்டுபிடித்ததுதான் எனக்குப் புரிந்தது. அதன் பிறகு என் நீச்சலுக்கு ஒரே அளவுகோல் சத்தம்.

கிணற்றில் பழகியவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 12 மீட்டருக்கும் சுவரை உதைத்துக் கிளம்புகிறோம், அந்த உதை கடலில் கிடைக்காது. நான் கிணற்று நேரத்தோடு நூற்றுக்குப் பதினைந்து கூட்டிக் கணக்குப் போட்டேன். இன்னொன்று, கடலில் நேராகப் போக ஆறேழு வீச்சுக்கு ஒரு முறை தலையைத் தூக்கி மிதவையைப் பார்க்க வேண்டும். அதைக் கிணற்றில் பழக, எதிர்ச் சுவரில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டுப் பார்த்துப் பார்த்து நீந்தினேன்.

போட்டியன்று கடலில் முதல் 200 மீட்டர் பயந்துபோனேன். அலை முகத்தில் அடித்து மூச்சு தொண்டையிலேயே நின்றது. பக்கத்தில் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் இருந்த தம்பியைக் கூப்பிட்டேன். படகைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம், அது விதிமீறல் இல்லை. அதைப் பிடித்தபடி முன்னால் நகரத்தான் கூடாது. ஒரு நிமிடம் பிடித்திருந்தேன். நான் கேட்டதெல்லாம் என் மூச்சுச் சத்தம். அது அடங்கியதும் கையை விட்டேன். நீச்சலுக்குக் கொடுக்கும் நேரம் 1 மணி 10 நிமிடம். நான் கரையேறியது 1 மணி 4 நிமிடத்தில்.

பெரியம்மா படிக்கட்டில் இல்லாத நாளில் நான் கிணற்றில் இறங்கியதே இல்லை. நீங்களும் தனியாக இறங்காதீர்கள். மேட்டூர் தண்ணீரைப் பார்த்து ஆசைப்பட்டு அணைக்குள் இறங்கவே வேண்டாம்.

ஆத்தூரிலிருந்து

பஸ் டிரைவர் கதையைப் படித்ததும் எனக்கு வாழப்பாடி மோர்க்கார அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

ஏப்ரல் மாதம், சேலம்–உளுந்தூர்ப்பேட்டை சாலையில் 150 கிலோமீட்டர் சைக்கிள் பயிற்சி. வெயிலுக்குப் பயந்து வெறும் தண்ணீராகக் குடித்தேன், ஆறு மணி நேரத்தில் ஏழு லிட்டர் இருக்கும். திரும்பி வரும்போது மோதிரம் விரலில் இறுகிவிட்டது. வாந்தி வருகிற மாதிரி இருந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு பாட்டில் வாங்க நிறுத்தினேன்.

அந்த அம்மா பாட்டிலைக் கொடுக்கவில்லை. என் கறுப்பு ஜெர்சியின் முதுகில் விரலை வைத்துத் தேய்த்து எனக்கே காட்டினார். விரல் நுனியில் வெள்ளைப் பொடி. "உடம்புல இருந்த உப்பெல்லாம் சட்டையில பூத்துக் கெடக்கு. இதுக்கு மேல தண்ணியா ஊத்துனா என்ன ஆகும் சாமி?" கல்லுப்பு போட்ட மோர் ஒரு சின்ன டம்ளரில் கொடுத்தார். புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தார். இரண்டு முறை வந்து என் பேரைக் கேட்டார். பதில் தெளிவாக வருகிறதா என்று பார்த்திருக்கிறார். நான் பிழைத்தது அதிர்ஷ்டம். ரத்தத்தில் சோடியம் ரொம்பக் குறைந்தால் வலிப்பே வரலாம், உயிரே போகலாம். பேச்சு குழறினாலோ தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தாலோ நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், மோரை நம்பி உட்காரக் கூடாது.

இப்போது வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கிறேன். எனக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறைகிறது. அந்த அளவைத் தாண்டிக் குடிப்பதில்லை, குடிப்பதிலும் உப்பு இருக்கும்.

ஓட்டும்போது சாப்பிட, கடையில் விற்கும் சர்க்கரை ஜெல் பாக்கெட் வாங்குவதை விட்டுவிட்டேன். எங்கள் ஊரே மரவள்ளிக்கிழங்கு ஊர், சுற்றிலும் ஜவ்வரிசி ஆலைகள். 100 கிராம் ஜவ்வரிசியில் 85 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். அதைக் குழைய வேகவைத்து வடிகட்டி, நாட்டுச் சர்க்கரை, உப்பு, எலுமிச்சை சேர்த்துப் பாட்டிலில் ஊற்றிக்கொள்கிறேன். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வருகிற மாதிரி அளவு. என் வயிறு அதை ஏற்க இரண்டு மாதம் ஆனது, அதனால் போட்டியன்று முதல் முறையாக முயற்சி செய்யாதீர்கள். வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், இரண்டாவது பாட்டிலுக்குத் தனியாக ஏற்பாடு வேண்டும்.

மறுபடியும் அஸ்தம்பட்டியிலிருந்து

பெரியம்மாவின் புளியங்கொட்டையைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன் டீச்சர். ஆத்தூர் நண்பரே, ஜவ்வரிசிக் கஞ்சியை இந்த வாரமே வீட்டில் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

நான் இப்போது முழு தூரத்துக்குத் தயாராகிறேன். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம், 17 மணி நேரத்துக்குள். ஞாயிறுகளில் அடிவாரம் வழியாக ஒரு முறையும், குப்பனூர் வழியாக இன்னொரு முறையும், ஒரே நாளில் இரண்டு முறை மலை ஏறுகிறேன். முதல் ஏற்றத்தில் துடிப்பு 135 தாண்டுவதில்லை.

போன ஞாயிறு பஸ்ஸில் வேறு டிரைவர். பழையவருக்கு ரூட் மாறிவிட்டதாம். எனக்குக் கொஞ்சம் வெறுமையாக இருந்தது. மேலே டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்தபோது புது ஆள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதானா சார்? அண்ணன் சொல்லிட்டுப் போயிருக்காரு. இன்னைக்குப் பதினாலு."