ரோல்பேக் ஆனா பில் நம்பர் திரும்பி வருமா, வராதா?

டர்பன் டிபிஏ: கேள்வி-பதில் பகுதியில நேத்து ஒரு மகானுபாவர் அருள்வாக்கு சொல்லியிருக்கார்: "டிரான்ஸாக்‌ஷன் ரோல்பேக் ஆனா சீக்வென்ஸ் நம்பரும் பின்னாடி போகணும். போகலேன்னா அந்த டேட்டாபேஸ் ரிப்பேர்." ஐயா, போகாது. சேர்ந்தே முடியவேண்டிய வேலைத் தொகுப்புதான் டிரான்ஸாக்‌ஷன்; அது நடுவுல நின்னு, செஞ்சதெல்லாம் பழையபடி ஆகுறது ரோல்பேக்; அடுத்தடுத்த நம்பரைத் தானா குடுக்கிறது சீக்வென்ஸ். போஸ்ட்கிரெஸ்ல போகாது, ஆரக்கிள்ல போகாது, எஸ்கியூஎல் சர்வர்லயும் போகாது. புதுசு புதுசா பசங்க வந்து படிக்கிற இடத்துல இப்படியா எழுதுவாங்க?

மெரிபேங்க் மூர்த்தி: அந்த மகானுபாவர் நான்தான். பேரைப் போட்டே திட்டலாம் தம்பி, பயம் எதுக்கு? என் கேள்வி ஒண்ணுதான். பில் நம்பர் 4117 இருக்கு, 4119 இருக்கு. 4118 எங்கே?

டர்பன் டிபிஏ: முதல் கவுன்ட்டர் 4118-ஐ எடுத்துச்சு. கஸ்டமர் கார்டு டிக்லைன், ரோல்பேக். அதுக்குள்ள ரெண்டாவது கவுன்ட்டர் 4119 பிரின்ட் பண்ணி ஆளையும் அனுப்பிடுச்சு. இப்ப சீக்வென்ஸ் பின்னாடி போனா அடுத்த ஆளுக்கும் 4119 விழும், பரவாயில்லையா? யாருக்காகவும் நிக்காம நம்பர் குடுக்கத்தான் சீக்வென்ஸே. அதே மதிப்பு ஏற்கெனவே இருக்குன்னு யூனிக் எர்ரர் வந்து இன்சர்ட் ஃபெயில் ஆனாலும் நம்பர் போனது போனதுதான்.

மெரிபேங்க் மூர்த்தி: பாடம் கேக்கல. 4118 எங்கே?

கணக்கக்கா: நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நம்ம தென்னாப்பிரிக்க வாட் சட்டம் 20(4) டாக்ஸ் இன்வாய்ஸுக்கு வரிசை எண் கேக்குது. விட்டுப்போன நம்பருக்கு ஆடிட்டர் முன்னாடி பதில் சொல்றது நான், உங்க சீக்வென்ஸ் இல்ல.

மெரிபேங்க் மூர்த்தி: அப்படிக் கேளுங்க அக்கா!

டர்பன் டிபிஏ: அக்கா, வரிசை எண் வேணும்னுதானே இருக்கு? ஓட்டையே விழக்கூடாதுன்னு அதுல எங்கே இருக்கு?

கணக்கக்கா: அதை நீங்களே வந்து ஆடிட்டர்கிட்ட சொல்லுங்க தம்பி.

ஃபீனிக்ஸ் பையன்: எதுக்கு இவ்வளவு சண்டை? மேக்ஸ், அதாவது இருக்கிறதுலயே பெரிய நம்பரை எடுத்து ஒண்ணு கூட்டுங்க, முடிஞ்சுது.

டர்பன் டிபிஏ: வந்துட்டாருய்யா! ரெண்டு கவுன்ட்டரும் ஒரே நேரத்துல மேக்ஸ் கேட்டா ரெண்டுக்கும் 4117தான் தெரியும். யூனிக் போட்டிருந்தா ஒண்ணு எர்ரர் அடிக்கும், போடலேன்னா ரெண்டு 4118.

மெரிபேங்க் மூர்த்தி: ஒண்ணுமே இல்லாததுக்கு ரெண்டு இருக்கட்டுமே.

கணக்கக்கா: ஐயையோ, அது இன்னும் மோசம்!

சாட்ஸ்வொர்த் சாரா: லோட்ஷெடிங் அப்போ யுபிஎஸ் தாங்காம எங்க எஸ்கியூஎல் சர்வர் படுத்துச்சு. எழுந்ததும் பில் நம்பர் ஒரேயடியா ஆயிரம் தாண்டி நிக்குது. இதுக்கு எந்த கார்டு டிக்லைன் ஆச்சு அண்ணா?

டர்பன் டிபிஏ: 2012 வெர்ஷன்ல இருந்தே அப்படித்தான். வேகத்துக்காக, தானா நம்பர் போடுற இன்ட் வகை ஐடென்டிட்டி காலம்னுக்கு (column) ஆயிரம் நம்பரை முன்கூட்டியே எடுத்து மெமரியில வெச்சுக்கும், கரன்ட் போனா மிச்சமெல்லாம் அம்போ. 2017 வெர்ஷன்ல இந்த முன்சேமிப்பை (ஐடென்டிட்டி கேஷ், cache) ஆஃப் பண்ண வழி வந்துச்சு. ஆஃப் பண்ணினாலும் ரோல்பேக் ஓட்டை இருக்கும், திரும்ப வந்து என்னைக் கேக்காதீங்க. போஸ்ட்கிரெஸ் கிராஷ் ஆனாலும் 32 நம்பர் வரைக்கும் தாண்டும்.

ஓட்டையே ஆகாதுன்னா தனி டேபிள்ல ஒரே ஒரு ரோவுல கடைசி பில் நம்பரை வெச்சு, பில் போடுற அதே டிரான்ஸாக்‌ஷன்ல அப்டேட் பண்ணுங்க. ரோல்பேக் ஆனா அதுவும் சேர்ந்து திரும்பும். ஆனா முதல் கவுன்ட்டர் வேலையை முடிச்சு கமிட் பண்ற வரைக்கும் மத்ததெல்லாம் லாக்ல காத்து நிக்கும். மாசக் கடைசி சனிக்கிழமை கியூ தெரு வரைக்கும் போனா என்னைத் திட்டாதீங்க.

மெரிபேங்க் மூர்த்தி: "திரும்பும்." நீயே எழுதிட்டே. எல்லாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க.

டர்பன் டிபிஏ: அது டேபிள்! சீக்வென்ஸ் இல்ல! டேபிளுக்கும் சீக்வென்ஸுக்கும் வித்தியாசம் தெரியாமலா காவடி நன்கொடை ரசீது சிஸ்டத்தை உங்களுக்குக் குடுக்கணும்னு கமிட்டியில குதிச்சீங்க?

மெரிபேங்க் மூர்த்தி: ஓ, அங்க வர்றியா? உனக்குத்தானே குடுத்தாங்க. தைப்பூசத்தன்னைக்கு ரசீது கையாலதான் எழுதினாங்க, ஊருக்கே தெரியும்.

டர்பன் டிபிஏ: பிரின்டர் ரிப்பேர்!

ஃபீனிக்ஸ் பையன்: எங்க மைஎஸ்கியூஎல்ல கடைசி பில்லை டெலிட் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணினா அதே நம்பர் திரும்ப வருதே?

மெரிபேங்க் மூர்த்தி: பார்த்தியா, வருது!

டர்பன் டிபிஏ: அது பக், சாஃப்ட்வேர் கோளாறு. 2003லயே மைஎஸ்கியூஎல் பக் லிஸ்ட்ல 199ஆம் நம்பர்ல பதிவாச்சு. அடுத்த நம்பர் என்னங்கிறதை மெமரியில மட்டும் வெச்சிருந்தாங்க, 8.0 வெர்ஷன்ல தான் சரி பண்ணினாங்க. இன்னும் 5.7 ஓட்டிக்கிட்டா எனக்கு மேக்ஸ் கூட்டல் சொல்லித் தர்றே?

ஃபீனிக்ஸ் பையன்: சர்வர் முதலாளியோடது அண்ணா. அவரைக் கேளுங்க.

கணக்கக்கா: பில்லை எதுக்குத் தம்பி டெலிட் பண்றீங்க?