கிரேம் ஸ்மித் பெரிய பேட்ஸ்மேனா, நல்ல கேப்டன் மட்டும்தானா?

புதுப்பந்து:
தென்னாப்பிரிக்க பேட்டிங் என்று பேச்சு வந்தால் நண்பர்கள் காலிஸ், அம்லா, டிவில்லியர்ஸ் என்ற மூன்று பெயர்களோடு நிறுத்திவிடுகிறார்கள். ஸ்மித்தைச் சொன்னால் "நல்ல கேப்டன்" என்று முடித்துவிடுவார்கள். 117 டெஸ்ட், 9265 ரன், 27 சதம் என்பது சின்னக் கணக்கா? நான் டெஸ்ட் பார்க்க ஆரம்பித்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நாலாவது இன்னிங்ஸ்:
ஆட்டத்தில் அழகு கிடையாது, அது உண்மை. ஆள் நல்ல உயரம், இடது கை. மட்டையின் முகத்தை மூடிக்கொண்டு, கீழ்க்கை பலத்தில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வரும் பந்தைக்கூட மிட்விக்கெட் பக்கம் தள்ளிவிடுவார். கவர் டிரைவ் ரசிக்க உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

ஆனால் நான்காவது இன்னிங்ஸை, அதாவது டெஸ்ட்டின் கடைசியில் இலக்கைத் துரத்தும் இன்னிங்ஸை, எடுத்துப் பாருங்கள். பிட்ச் உடைந்து, தோற்றுவிடுவோமோ என்ற பயம் உள்ளே உட்கார்ந்திருக்கும் நேரம் அது. அதில் அவர் அடித்த சதங்கள் 4. நான்கிலும் தென்னாப்பிரிக்கா ஜெயித்தது. 2004 வெலிங்டன், 2008 எட்ஜ்பாஸ்டன், அதே வருடம் பெர்த், 2011 கேப் டவுன். பெர்த்தில் இலக்கு 414. தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 108 அடித்து அடித்தளம் போட்டவர் அவர்தான். கேப் டவுன் டெஸ்ட்டில் தென்னாப்பிரிக்கா 96-க்கு ஆல் அவுட், பதிலுக்கு ஆஸ்திரேலியா 47-க்கு ஆல் அவுட். ஒரே நாளில் விக்கெட்டுகள் அப்படிக் கொட்டிய மைதானத்தில் அவரும் அம்லாவும் ஆளுக்கொரு சதம் அடித்து 236-ஐ இரண்டே விக்கெட் இழப்பில் எட்டினார்கள். இதைச் செய்தவரை "கேப்டன் மட்டும்" என்று சொல்ல எனக்கு மனசு வராது.

அப்புறம் சிட்னி, ஜனவரி 2009. மிட்செல் ஜான்சன் பந்தில் இடது கை எலும்பு முறிந்துவிட்டது. தொடரை 2-0 என்று ஏற்கெனவே ஜெயித்தாயிற்று, அவர் மறுபடி இறங்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் கடைசி நாளில் ஒன்பதாவது விக்கெட் விழுந்ததும், சக வீரரின் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். எதிர் முனையில் நிட்டினி. எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். டிராவுக்கு இன்னும் 10 பந்துதான் பாக்கி என்றிருக்கும்போது ஜான்சன் ஸ்டம்பைச் சாய்த்தார். ஸ்கோர் 3. நான் பார்த்த டெஸ்ட் ஆட்டங்களில் இதைவிடத் துணிச்சலான 3 ரன் கிடையாது.

சேப்பாக்கம் கேலரி:
2008 மார்ச்சில் சேப்பாக்கத்தில் சேவாக் 319 அடித்த டெஸ்ட்டில் எதிரணி கேப்டன் இவர்தான். மூன்றாம் நாள் கேலரியில் இருந்தேன். அந்த வெயிலில் முதல் ஸ்லிப்பில் நின்றபடி பவுலரை மாற்றி மாற்றிப் பார்த்தார், எதுவும் நடக்கவில்லை. டீம் இனி எழாது என்றுதான் நினைத்தேன். அடுத்த டெஸ்ட்டிலேயே அகமதாபாத்தில் இந்தியாவை 76-க்குச் சுருட்டி, இன்னிங்ஸ் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அந்த மீட்சியில் கேப்டனுக்குப் பெரிய பங்கு உண்டு.

லெக் ஸ்டம்ப்:
மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உள்ளே வரும் இடது கை ஸ்விங் அவருக்குத் தீராத தலைவலி. ஜாகீர் கான் அவரைப் படுத்திய பாட்டை நாம் எல்லாரும் பார்த்தோம். உலகக் கோப்பையும் கைகூடவில்லை. 2007 அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 27-க்கு 5 விக்கெட், 2011 காலிறுதியில் நியூசிலாந்தின் 221-ஐக்கூட எட்டவில்லை. டெஸ்ட்டில் பெரியவர், ஒத்துக்கொள்கிறேன். ஒருநாள் கேப்டனாக அப்படிச் சொல்ல மாட்டேன்.

புதுப்பந்து:
நன்றி. ஒரே ஒரு இன்னிங்ஸ் பார்ப்பதென்றால் எது?

நாலாவது இன்னிங்ஸ்:
எட்ஜ்பாஸ்டன் 2008. இலக்கு 281, ஸ்கோர் 93-க்கு 4. பவுலர்களின் காலடி பட்டு உடைந்த தடங்களில் இங்கிலாந்து சுழல் பவுலர் பனேசர் பந்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். ஸ்மித் முன்காலை நீட்டித் தடுத்தும், ஸ்வீப் அடித்தும், பவுச்சரோடு சேர்ந்து அன்று மாலையே ஆட்டத்தை முடித்தார். 154 நாட் அவுட். 1965-க்குப் பிறகு இங்கிலாந்து மண்ணில் தென்னாப்பிரிக்கா ஜெயித்த முதல் தொடர் அது. மறுநாள் மைக்கேல் வாகன் இங்கிலாந்து கேப்டன் பதவியை விட்டார். ஹைலைட்ஸ் போதாது, கடைசி செஷனை முழுதாகப் பாருங்கள்.