கள்ளிச்செடியைக் கீழிருந்து படமெடுக்க யோசனை வேணுமுங்க

வணக்கமுங்க. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களில்) வளரும் வறண்ட நிலச் செடிகளைப் படமெடுத்து வருகிறேன். நின்ற வாக்கில் எடுத்தால் சப்பாத்திக்கள்ளி எல்லாப் படத்திலும் ஒரே மாதிரிதான் விழுகிறது. அதனால் செல்போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் மண்ணை ஒட்டி இருக்கும்படி வைத்து, வானத்தைப் பின்னணியாக்கி எடுக்கிறேன். முழங்கால் உயரக் கள்ளி பனைமரம் மாதிரி நிற்கிறது! சாயங்கால வெயிலுக்கு எதிராக வைத்தால் முள் ஒவ்வொன்றும் பளபளக்கிறது, ஆனால் மடல் கருத்துப்போகிறது. மடலுக்கு வெளிச்சம் கூட்டினால் வானம் வெளுத்துவிடுகிறது. வெள்ளைத் தெர்மாகோல் அட்டையால் வெளிச்சத்தைத் திருப்பினால் போதுமா, சின்ன ஃபிளாஷ் வேண்டுமா?

அப்புறம், கிளுவை வேலியில் ஏறிய பிரண்டை. அதன் நாற்பட்டைத் தண்டையும் கணுவில் கிளம்பும் சுருளையும் கேமராவில் மேக்ரோ லென்ஸ் போட்டு நெருங்கி எடுக்க ஆசை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று விட்டால்தானே! அசைவு தெரியாமல் இருக்க ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு ஏற்றினால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) கூடிப் படம் புள்ளி புள்ளியாக வருகிறது. தண்டைக் குச்சியோடு கிளிப் போட்டு நிறுத்தலாமா, வேறு வழி உண்டா?

திருகுக்கள்ளிப் புதருக்குள் கேமராவை நுழைத்து அண்ணாந்த கோணத்தில் யாராவது எடுத்திருக்கிறீர்களா? அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய வம்பு. எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள். ட்ரோன் மட்டும் வேண்டாமுங்க, மேய்கிற மாடு மிரளும்.