ஐடிஐ நெட்வொர்க் வகுப்புக்கு பாக்கெட் டிரேசர் மட்டும் போதுமா?

ரேக்மவுண்ட்:
ஐடிஐ-யில் வன்பொருள், நெட்வொர்க் பராமரிப்பு படித்த பையன்கள் வேலைக்கு வருகிறார்கள். கணினித் திரையிலேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கும் சிமுலேட்டரான சிஸ்கோவின் பாக்கெட் டிரேசரில் விலான் (ஒரு நெட்வொர்க்குக்குள் தனித்தனிப் பகுதிகள்) பிரிப்பார்கள், ரவுட்டிங் (தரவு போகும் வழி) போடுவார்கள். கையில் நெட்வொர்க் கேபிள் முனையில் மாட்டும் ஆர்ஜே-45 கனெக்டரைக் கொடுத்தால் முழிக்கிறார்கள். சிமுலேட்டரிலேயே பாடத்தை முடிப்பது ஏமாற்று வேலை.

மாலைவகுப்பு:
ஏமாற்று என்பது பெரிய வார்த்தை சார். வகுப்புக்கு ஒரே ஸ்விட்ச் (கணினிகளை இணைக்கும் கருவி) என்றால் ஒருவன் தட்டுவான், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பாக்கெட் டிரேசர் இலவசம். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் கணக்கு தொடங்கினால் வீட்டிலும் போட்டுப் பார்க்கலாம். அதன் சிமுலேஷன் மோடில் பாக்கெட் (தரவுத் துண்டு) ஒரு கவராக ஒவ்வொரு கருவிக்கும் நகரும். க்ளிக் செய்தால் எந்த அடுக்கில் என்ன நடந்தது என்று விரியும். "இந்த ஐபி முகவரி யாருடையது?" என்ற ஏஆர்பி கேள்வி எல்லாக் கணினிக்கும் போய், ஒன்று மட்டும் பதில் சொல்வதை நிஜ ஸ்விட்சில் எப்படிக் காட்டுவீர்கள்? விளக்கு மினுக்கும், அவ்வளவுதான்.

ரேக்மவுண்ட்:
நிஜ நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டைப் பிடித்துக் காட்ட வயர்ஷார்க் மென்பொருள் எதற்கு இருக்கிறது? சரி, அதை விடுங்கள். நான் பேசுவது பழுதைப் பற்றி. கேபிளின் எட்டு கம்பிகளைக் கனெக்டரில் அடுக்கும் டி568பி வரிசையில் பச்சை ஜோடி 3, 6 பின்களுக்குப் போக வேண்டும். பையன் அது தெரியாமல் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக இரண்டு முனையிலும் அடித்துவிடுவான். மலிவான டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் 3, 6 இரண்டும் ஒரே முறுக்கில் இல்லாததால் சிக்னல் பக்கத்து ஜோடியில் கசியும். குட்டைக் கேபிளில் சமாளித்துவிடும். நீளம் கூடினால் லிங்க் விட்டு விட்டு வரும். இந்தப் பழுதை உங்கள் பாக்கெட் டிரேசர் காட்டுமா?

பழையகன்சோல்:
நடுவில் ஒரு வார்த்தை. பாக்கெட் டிரேசரில் சிஸ்கோ கருவிகளின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் எல்லாக் கட்டளையும் கிடையாது. ஜிஎன்எஸ்3 என்ற இன்னொரு மென்பொருளில் நிஜ ஐஓஎஸ்ஸே ஓடும். ஆனால் அந்த ஐஓஎஸ் கோப்பை (இமேஜ்) நாமேதான் முறையாகப் பெற வேண்டும், ரேமும் தின்னும். ஐடிஐ லேப் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மாலைவகுப்பு:
ரேக்மவுண்ட் சார், கேபிள் பழுதைக் காட்டாது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குத் தேவை கனெக்டரைக் கேபிளில் அழுத்திப் பொருத்தும் ஒரு கிரிம்பிங் டூல், கொஞ்சம் கேட்-5இ நெட்வொர்க் கேபிள், ஒரு பை கனெக்டர். ரவுட்டர் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. அதை வாங்காதது நிர்வாகத்தின் தப்பு. சிமுலேட்டரை ஏன் திட்டுகிறீர்கள்?

ரேக்மவுண்ட்:
"எல்லாம் சாஃப்ட்வேரிலேயே இருக்கிறதே" என்று சொல்லித்தானே சார் அந்த டூலைக்கூட வாங்காமல் இருக்கிறார்கள்?