புதுப்பிப்பு: முத்துப்பேட்டை லகூனில் ஆக்சிஜன் அளவு ஏன் மாறி மாறி வருகிறது?

லகூனிலும் (கடலோரக் காயல்) கோரையாற்று முகத்துவாரத்திலும் நீரில் கரைந்த ஆக்சிஜனை வின்க்ளர் முறையில் (வேதிப்பொருள்கள் சேர்த்து, ஆக்சிஜனுக்கு ஏற்ப வெளிவரும் அயோடினை அளக்கும் முறை) அளப்பது பற்றி முன்பு எழுதியிருந்தோம். ஒரே இடத்தில் இரு குழுக்களுக்கு இரு அளவு வருவது ஏன் என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

பெரும்பாலும் நேரம்தான் காரணம். பகலில் பாசி ஆக்சிஜன் விடுவதால் பிற்பகல் அளவு நன்றாகவே இருக்கும். மீனுக்கு மூச்சுமுட்டுவது விடியலுக்குச் சற்று முன், அப்போது எடுங்கள். கடல்நீர் ஏறுகிறதா வடிகிறதா என்பதையும் குறியுங்கள்.

அடுத்தது காற்றுக் குமிழி; போத்தலில் சிக்கினால் அளவைக் கூட்டிவிடும். 300 மில்லி போத்தலை நீருக்குள்ளேயே நிரப்பி, அங்கேயே மூடுங்கள். அலையாத்தி வேரடிச் சேற்றைக் கலக்காதீர்கள்; அதிலுள்ள சல்ஃபைடு அயோடினைத் தின்று அளவைக் குறைத்துவிடும். மாங்கனஸ் சல்பேட், கார அயோடைடு தலா 2 மில்லியைப் படகிலேயே சேருங்கள். வீழ்படிவு பழுப்பாகாமல் வெள்ளையாகவே நின்றால் அந்த நீரில் ஆக்சிஜன் அறவே இல்லை. படிவு பாதிக்கு இறங்கியதும், கையுறையோடு அடர் கந்தக அமிலம் 2 மில்லி சேருங்கள்.

அந்தக் கரைசலில் 200 மில்லி எடுத்து 0.025 நார்மல் (செறிவு அளவு) தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்தால் (நிறம் போகும்வரை துளித்துளியாக விட்டு அளந்தால்), செலவாகும் ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன். வெளிர்மஞ்சளாக வெளுத்த பிறகே ஸ்டார்ச்சை (நிறங்காட்டி) சேருங்கள். எங்களுக்குப் பெரிய கவலை பழைய தயோசல்பேட்தான்: வலுவிழந்தால் கூடுதலாகச் செலவாகி, கெட்ட நீரை நல்ல நீராகக் காட்டும். வாரம் ஒருமுறை அதன் வலுவைச் சரிபாருங்கள்.

உப்பளவு இல்லாமல் ஆற்றையும் லகூனையும் ஒப்பிடாதீர்கள். 30 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை தாங்கும், கடல்நீர் சுமார் 6.2 தான்.