ஞாயிறு வகுப்பு: அட்டையில தையல், துணி அட்டை நோட்டு

கமலா மாமி: ஞாயித்துக்கிழமை ரெண்டு வேலை. காலையில வாழ்த்து அட்டையில நூல் தையல், மத்தியானம் எம்ப்ராய்டரி துணி போட்ட நோட்டு. வாழ்த்து அட்டைக்கு 250லேர்ந்து 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளோட கிராம் எடை) அட்டை வாங்குங்கோ. சாதா சார்ட் பேப்பர் வேண்டாம், நூலை இழுத்தா துளையோட கிழிஞ்சிடும்.

ரேவதி: என்ன டிசைன் மாமி? பூவா இருந்தா டிரேஸ் எடுத்து வைக்கிறேன்.

கமலா மாமி: முதல்ல வட்டம். 6 செ.மீ. விட்டம், சுத்தி 36 துளை. ப்ரொட்ராக்டர் வச்சு 10 டிகிரிக்கு ஒரு புள்ளி. துளைக்குத் துளை 5 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல வரும்.

செல்வி அக்கா: 3 மி.மீ.க்குக் கீழ யாரும் போகாதீங்க. தபால்தலை ஓரம் மாதிரி ஆகி வரிசையா பிஞ்சு வந்துடும். துணியில தப்பாக் குத்தினா நகத்தால நீவினா போதும், இழை கூடிடும். அட்டையில குத்தினது குத்தினதுதான். நெருக்கமா துளை கேக்கிற சாட்டின் தையல் இதுக்கு ஆகாது. பிரெஞ்சு நாட்ங்கிற முடிச்சுத் தையலும் வேண்டாம், முடிச்சு துளை வழியா பின்னால போயிடும்.

ஃபாத்திமா: எல்லாத்தையும் முன்னாடியே குத்தி வச்சிடணுமா அக்கா?

செல்வி அக்கா: ஆமா. தைச்சிக்கிட்டே குத்தினா ஊசி சாய்ஞ்சு இடம் மாறிடும். மாதிரித் தாளை கிளிப் போட்டு அட்டை மேல வச்சு, முன்பக்கத்துலேர்ந்து நேரா குத்துங்க. பிசிறு பின்னால போயிடும். கார்பன் பேப்பர் வச்சு வரையாதீங்க, கை பட்டா கறை. அடியில பழைய யோகா மேட் துண்டு போதும். தெர்மோகோல் சீக்கிரம் அமுங்கி துளை பெருசாயிடுது. குத்தூசி வேண்டாம், தைக்கிற ஊசியையே ஒரு கார்க்ல சொருகிக் குத்துங்க.

ரேவதி: 36 துளையையும் எப்படி இணைக்கிறது?

கமலா மாமி: பின்பக்கம் பென்சில்ல நம்பர் போட்டுக்கோ. 1ல மேல வந்து 13ல கீழ. பின்னாலயே பக்கத்து 14க்குப் போய் மேல வந்து 2ல கீழ. அடுத்து 3ல மேல, 15ல கீழ. 16ல மேல, 4ல கீழ. இப்படியே சுத்தி வரணும். எப்பவும் 12 துளை வித்தியாசம். நடுவுல 3 செ.மீ.ல ஒரு வட்டம் தானா தெரியும், அத்தனையும் நேர்கோடுதான். ஒவ்வொரு துளையிலயும் நூல் ரெண்டு தடவை போகும், அதனால ரெண்டு இழைக்கு மேல வேண்டாம்.

ஜெயந்தி டீச்சர்: குழந்தைகள் வந்தா இதைச் சொல்லுங்க. அட்டையில நூல் கட்டி வளைவு காட்டுற இந்த முறையைக் கணக்கு சொல்லித்தர உருவாக்கினவங்க மேரி எவரெஸ்ட் பூல், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரங்க. எவரெஸ்ட் சிகரத்துக்குப் பேர் வந்ததே அவங்களோட பெரியப்பா–சித்தப்பா உறவுல வர்ற ஜார்ஜ் எவரெஸ்ட்டாலதான். துளை எண்ணிக்கையை மாத்தாம வித்தியாசத்தை மட்டும் 12லேர்ந்து 15 ஆக்கினா உள்வட்டம் சுருங்கும். ஏன்னு பிள்ளைங்களே யோசிக்கட்டும்.

ஃபாத்திமா: நூல் எவ்வளவு வாங்கட்டும்?

கமலா மாமி: ஒரு வட்டத்துக்கு 2.25 மீட்டர். ஆங்கர் நூல் ஒரு கட்டு 8 மீட்டர், 6 இழை. ரெண்டு இழையாப் பிரிச்சா ஒரு கட்டுல 10 அட்டை தாராளமா வரும். 2.25 மீட்டரை ஒரே நூலா கோக்காதீங்கோ, துளை ஓரம் உரசி பஞ்சு பஞ்சா ஆயிடும். 75 செ.மீ.யா மூணு துண்டு. முடிச்சு போட வேண்டாம், வால் நூலைப் பின்னால பேப்பர் டேப்ல ஒட்டுங்கோ. செல்லோடேப் நாளாக நாளாக மஞ்சளாகும்.

செல்வி அக்கா: மத்தியான வேலைக்கு: ஒரு நோட்டுக்கு 8 ஏ4 தாள், மடிச்சா 32 பக்கம். தாளோட நார்வாக்கை, அதாவது நார் ஓடுற திசையைப் பாத்து வாங்குங்க. கடையில கிடைக்கிற ஏ4 பெரும்பாலும் நீளவாக்குல நார் ஓடும். அதைப் பாதியா மடிச்சா நாருக்குக் குறுக்க மடியும், நோட்டு விரைப்பா நிக்கும், படுக்காது.

ரேவதி: அப்போ என்ன பண்றது?

செல்வி அக்கா: நீளவாக்குல நார் ஓடுற ஏ3 வாங்கி ரெண்டா வெட்டணும். அப்போ நாரும் மடிப்பும் ஒரே திசை. சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெரு பேப்பர் கடைகள்ல பெரிய ஷீட்டா எடுத்தா நாம சொல்ற திசையில வெட்டித் தரச் சொல்லலாம். சந்தேகம்னா தாளை ரெண்டு பக்கமும் லேசா வளைச்சுப் பாருங்க, சுலபமா வளையிற பக்கம்தான் மடிக்கிற பக்கம்.

ஜெயந்தி டீச்சர்: மேலட்டைத் துணி?

கமலா மாமி: காடா துணி, 26க்கு 35 செ.மீ. வெந்நீர்ல அலசி கஞ்சியெல்லாம் போனப்புறம் வெட்டுங்கோ. தையல் எல்லாம் வலது பாதியில இருக்கணும். துணியை விரிச்சா வலப்பக்கம்தான் முன்னட்டை, நிறைய பேர் இடப்பக்கம் போட்டுட்டு நோட்டைத் தலைகீழா திருப்பிப் பிடிச்சிண்டு நிப்பா. நடு மடிப்புலேர்ந்து 15 மி.மீ. காலியா விடுங்கோ. மணி, குந்தன் எதுவும் வேண்டாம். டர்க்கி டவல் மேல கவுத்துப் போட்டு இஸ்திரி போடுங்கோ, தையல் நசுங்காது.

ஃபாத்திமா: துணியை உள்அட்டையில ஒட்ட ஃபெவிகால் போதுமா? போன தடவை துணி மேல திட்டுத் திட்டா தெரிஞ்சுது.

செல்வி அக்கா: தண்ணி கலந்தா ஊறி வெளிய வரும். கலக்காம, அட்டையில மட்டும் மெல்லிசா தடவுங்க, துணியில வேண்டாம். இல்லன்னா டெய்லர் கடை ஒட்டு கேன்வாஸை முதல்ல துணிக்குப் பின்னால இஸ்திரி போட்டுட்டா பசை ஏறாது. ஓரத்தை 2 செ.மீ. உள்ள மடிச்சு ஒட்டி, உள்பக்கம் ஒரு தாளும் கட்டாயம் ஒட்டணும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா காயும்போது அந்தப் பக்கம் இழுத்து அட்டை வளையும். ராத்திரி முழுக்க பாரம் வைங்க.

ஜெயந்தி டீச்சர்: மைதா பசை காய்ச்சினா மயில்துத்தம் போடணுமே?

செல்வி அக்கா: பூச்சி வராம இருக்க ஒரு சிட்டிகை போடுவாங்க. ஆனா அது விஷம், பிள்ளைங்க வர்ற வகுப்புல வேண்டாம் டீச்சர்.

கமலா மாமி: நோட்டுத் தைக்க மெழுகு தேய்ச்ச பருத்தி நூல் 60 செ.மீ. மடிப்புல அஞ்சு துளை: மேலேர்ந்து 20, 62, 105, 148, 190 மி.மீ., அதே வரிசையில 1லேர்ந்து 5 வரை நம்பர். உள்ளேர்ந்து நடுத்துளை வழியா வெளிய வாங்கோ, 10 செ.மீ. வாலை உள்ள விட்டுட்டு. 2ல உள்ள, 1ல வெளிய, திரும்ப 2ல உள்ள. நடுவைத் தாண்டி 4ல வெளிய, 5ல உள்ள, 4ல வெளிய, கடைசியா நடுவுல உள்ள. ரெண்டு வாலும் உள்ள ஓடுற நீள நூலுக்கு ஆளுக்கொரு பக்கமா இருக்கணும், அதைச் சேத்து முடிச்சு போடுங்கோ. ஒரே பக்கம் இருந்தா அந்த நூல் தொளதொளன்னு கிடக்கும்.

ரேவதி: மெரூன் நூல் எடுத்துட்டு வரலாமா மாமி?

கமலா மாமி: ஈர வெள்ளைத்துணியில ஒரு துண்டை அழுத்திப் பாரு. சாயம் ஒட்டினா அட்டைத் தையலுக்கு வச்சுக்கோ, பசை படற நோட்டுக்கு வேற நூல் எடு.