மேடையில் சாட்சி சொன்ன இரவே பையன் போய்விட்டான். கட்டிலை வேறு ஒருவனுக்குக் கொடுக்கலாமா?

நோர்வூட் டீச்சர்

நானும் என் கணவரும் நோர்வூட் பக்கம் ஒரு பழைய தேயிலைத் தோட்டக் குவாட்டர்ஸில் ஏழு பையன்களை வைத்துப் பராமரிக்கிறோம். இது ஆறாவது வருடம். புறக்கோட்டைச் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவியவர்கள், கோட்டை ரயில் நிலையத்திலும் கண்டி பஸ் நிலையத்திலும் படுத்துத் தூங்கியவர்கள். ஒருவன் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் விற்கும் வீட்டுக்குக் காவல் நின்றவன். எல்லாரும் நன்னடத்தை உத்தியோகத்தர் வழியாக, நீதிமன்றக் கட்டளையோடு வந்தவர்கள். வீடும் முறைப்படி பதிவு செய்யப்பட்டது.

இவனுக்குப் பதினைந்து வயது. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது இவனுக்குப் பதினொன்று. அப்பா குடி. அடுத்த வருடமே ஒரு தரகர் வந்து கொழும்பில் கடையில் சேர்த்துவிடுவதாகக் கூட்டிப்போனார். சம்பளம் தரகரின் கைக்குப் போனது, அடி இவன் உடம்புக்கு வந்தது. இடது புருவத்துக்கு மேலே அகப்பைத் தழும்பு இன்னும் இருக்கிறது. அங்கிருந்து ஓடி, ரயில் நிலையத்தில் படுத்துக் கிடந்தவனைத்தான் பொலிஸார் பிடித்தார்கள்.

எங்களிடம் வந்த பிறகும் செருப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவான். நிலையத்தில் படுத்துப் பழகியவனுக்குச் செருப்பை வாசலில் விட்டால் தூக்கம் வராது. முதல் மாதங்களில் இரண்டு தடவை ஓடினான், இரண்டு தடவையும் ஹட்டன் நிலையத்தில் கண்டுபிடித்தோம். பிறகு போன கிறிஸ்மஸ் கழிந்து ஒரு விடியற்காலையில் அந்தச் செருப்பு மற்றவர்களின் செருப்புகளோடு வாசலில் கிடந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

போன மாதம் டவுனில் மூன்று நாள் நற்செய்திக் கூட்டம் நடந்தது. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் உதவி செய்கிறவர்கள் வந்திருந்தார்கள். பையன்களில் ஒருவன் மேடையேறி, ஆண்டவர் தன் வாழ்க்கையை மாற்றிய கதையைச் சாட்சியாகச் சொன்னால் நல்லது என்றார்கள் சபை மூப்பர்கள். இவனிடம் கேட்டேன். "சரி டீச்சர்" என்றான். வெள்ளைச் சட்டை தைத்தோம், சப்பாத்து வாங்கினோம். தடுமாறாமல் பேசினான், பலர் அழுதார்கள். வந்தவர்களில் ஒருவர் அவனைக் கட்டிக்கொண்டு படம் எடுத்தார். இரவு வீட்டுக்கு வந்து சாப்பிட்டான், தன் தட்டைத் தானே கழுவி வைத்தான். காலையில் கட்டில் வெறுமையாக இருந்தது. வெள்ளைச் சட்டை நான்காக மடித்துத் தலையணை மேல் இருந்தது. சப்பாத்து கட்டிலுக்குக் கீழே சோடியாக இருந்தது. பழைய செருப்போடு போய்விட்டான்.

அன்றே பொலிஸுக்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் அறிவித்தோம். மூன்று வாரமாகிறது. "மூன்றாவது தடவை. சபைக்கு அவப்பெயர். கட்டிலை வேறு பிள்ளைக்குக் கொடுங்கள்" என்கிறார்கள் மூப்பர்கள். காத்திருக்கும் பிள்ளைகள் இருப்பதும் உண்மை. நான் என்ன செய்ய வேண்டும்? சாட்சி நன்றாகத்தானே சொன்னான். எங்கே பிசகியது?

தச்சாசிரியர், கண்டி

சகோதரி, கட்டிலைக் கொடுக்காதீர்கள்.

குருமார் நடத்திய பட்டறையில் இருபத்திரண்டு வருடம் இப்படிப்பட்ட பையன்களுக்குத் தச்சு வேலை கற்பித்தவன் நான். ஒரு பையன் சொல்லாமல் போனான். ஒரு வாரம் பார்த்தேன். பிறகு அவன் வேலை மேசையையும் சீவுளியையும் புதிதாக வந்தவனுக்குக் கொடுத்தேன். பதினோராவது நாள் அவன் வந்தான். வாசலில் நின்று தன் மேசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பி நடந்தான். நான் கையில் பிசினோடு வெளியே ஓடுவதற்குள் பஸ் போய்விட்டது. பிறகு அவனைப் பார்க்கவே இல்லை. அந்த மேசையை நினைக்காத நாள் எனக்கு இல்லை.

தெருப் பையன்களுக்காகவே வாழ்ந்த இத்தாலியக் குரு தொன் போஸ்கோவை எங்கள் பட்டறையில் அடிக்கடி நினைத்துக்கொள்வோம். 1841 டிசம்பர் 8 அன்று தூரின் நகரத்துக் கோவிலில், கோவில் பணியாளர் அடித்து விரட்டிய ஓர் அநாதைப் பையனை அவர் திரும்பக் கூப்பிட்டார். அப்பா இருக்கிறாரா, அம்மா இருக்கிறாரா, வாசிக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டதற்கெல்லாம் இல்லை, தெரியாது என்றே பதில் வந்தது. விசிலடிக்கத் தெரியுமா என்றதும் பையன் சிரித்துவிட்டான். அதன் பிறகுதான் மறைக்கல்வி. 1852-ல் ஒரு பையனைத் தச்சு முதலாளியிடம் சேர்த்தபோது எழுத்தில் ஒப்பந்தம் செய்தார். பையனைச் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது, தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக் கூடாது என்று அதில் இருந்தது. உங்கள் பையனைத் தரகரிடம் கொடுத்தபோது அப்படி ஒரு துண்டுக் காகிதம் கூட இருந்திருக்காது. அவன் வந்தால், கையால் என்ன செய்யப் பிடிக்கும் என்று முதலில் கேளுங்கள்.

லயத்துப் பையன், பண்டாரவளை

அக்கா, சட்டையை மடித்து வைத்துவிட்டுப் போனான் என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நானும் ஒரு விடுதியில் வளர்ந்தவன். இப்போது மின் இணைப்பு வேலை செய்கிறேன்.

பதினாறு வயதில் என்னையும் மேடையில் ஏற்றினார்கள். திருடியதைச் சொன்னேன், அப்பா அம்மாவை அடித்ததைச் சொன்னேன். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். மறுநாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் என் சித்தியை நாலு பேர் சுற்றி நின்று கேட்டிருக்கிறார்கள், "உன் அக்கா வீட்டில் இப்படியெல்லாமா நடந்தது?" என்று. பத்துக் குடும்பத்துக்கு ஒரே கூரை போட்ட லயம் அக்கா, எங்கள் இடம். ஒருவன் மைக்கில் சொன்னால் அந்தக் கூரைக்குக் கீழே எல்லாருக்கும் அது போய்ச் சேரும். அம்மா என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை.

"சரி டீச்சர்" என்றான் என்கிறீர்கள். சோறு போடுகிற உங்களுக்கு அவன் வேறு என்ன பதில் சொல்வான்? அவன் உங்கள் மேல் கோபித்துப் போகவில்லை என்று நினைக்கிறேன். கோபித்தவன் தட்டைக் கழுவி வைக்க மாட்டான். அந்த மேடைக்காகக் கொடுத்ததை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

நான் ஒரு வருடம் கோவில் பக்கமே போகவில்லை. என்னைத் திரும்பக் கூட்டிவந்தவர் ஒரு வயதான மூப்பர். அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. எனக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்க மூன்று தடவை பிரதேச செயலகத்தில் என்னோடு வரிசையில் நின்றார், மழையில் நனைந்த தொப்பியைக் கையில் பிடித்தபடி. இன்றைக்கும் ஆண்டவர் என்றால் அந்தத் தொப்பி ஞாபகத்துக்கு வருகிறது.

ஓய்வுபெற்ற நன்னடத்தை உத்தியோகத்தர்

டீச்சர், நீதிமன்றக் கட்டளையில் இருக்கும் பிள்ளையின் படத்தை யாரும் வெளியிடக் கூடாது. அந்த விருந்தினரிடம் சொல்லி உடனே அழிக்கச் செய்யுங்கள். பையன் எங்காவது வேலைக்கு வைக்கப்பட்டிருந்தால், 2021-ல் திருத்திய சட்டப்படி 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பதே குற்றம். முதலாளியோடு வாக்குவாதத்துக்குப் போகாதீர்கள், பையனை ஒளித்துவிடுவார்கள். உங்கள் உத்தியோகத்தரோடு போங்கள். அவசரமென்றால் சிறுவர் உதவித் தொலைபேசி 1929-க்கு அழையுங்கள்.

நோர்வூட் டீச்சர்

தம்பி, உங்கள் பதிலை வாசித்துவிட்டு மற்றப் பையன்களை உட்கார வைத்துக் கேட்டேன். வெகுநேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு சின்னவன் சொன்னான். அன்று இரவு வேனில் வரும்போது இவன் அவனிடம் சொல்லியிருக்கிறான்: "அம்மா போனதைச் சொன்னேன்டா, கை தட்டினார்கள்."

நானும் கை தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மூப்பர்களிடம் பேசினேன். இனி எங்கள் பையன்கள் எந்த மேடையிலும் ஏறமாட்டார்கள் என்றேன். உதவி குறைந்துவிடும் என்று ஒருவர் வருத்தப்பட்டார். குறையலாம். படத்தை அழித்துவிட்டார்கள். கட்டிலில் வேறு யாரும் இல்லை.

நேற்று மாலை யாரோ ஒருவருடைய தொலைபேசியிலிருந்து அழைத்தான். நாவலப்பிட்டியில் ஒரு கராஜில் இருக்கிறானாம். "சட்டை கிடைத்ததா டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்டான். கிடைத்தது என்றேன். உன் கதையை இனி யாரும் உன்னிடம் கேட்கமாட்டார்கள், நானும் கேட்டது தப்பு என்றேன். சத்தமே இல்லை. பின்னால் தகரம் தட்டுவது மட்டும் கேட்டது. பிறகு, "சேர் வருவாரா?" என்றான்.

கணவரும் உத்தியோகத்தரும் நாளைக் காலை ரயிலில் போகிறார்கள். ஐயா, அவனுக்கும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. கிளினிக் கார்டும் இல்லை. தோட்டப் பாடசாலைச் சேர்வு இடாப்பில் (பதிவேட்டில்) மட்டும் பெயர் இருக்கிறது. அதை வைத்துத் தொடங்க முடியுமா?

ஓய்வுபெற்ற நன்னடத்தை உத்தியோகத்தர்

தொடங்கலாம். இடாப்பின் பிரதியை அதிபரிடம் கையொப்பத்தோடு வாங்குங்கள், கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் எடுங்கள். பிறப்புப் பதிவு உண்மையிலேயே இல்லையா என்று பிரதேச செயலகப் பதிவுப் பிரிவில் முதலில் தேடச் சொல்லுங்கள். பல தடவை பெயர் எழுத்து மாறித்தான் கிடக்கும். போகும்போது பையனையும் கூட்டிப்போங்கள்.